நல்லா நின்னுச்சு!

பக்கத்து ஸீட்காரருக்கு ஒரே சந்தேகம். "காசு கொடுத்து ரேஸ் டிராக்ல ஓட்டப் போறீங்களாமே, முதல் பரிசு எவ்வளவு ஸார்?"

பரிசு கிடையாது. போட்டியே கிடையாது. ரேஸ் டிராக்கை ஒரு நாள் நம் மாதிரி ஆசாமிகளுக்குத் திறந்துவிடுவதுதான் டிராக் டே. பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டி, சொந்தக் காரில் இஷ்டத்துக்குச் சுற்றலாம். எதிரே லாரி வராது, எருமை வராது.

ஒரு காலத்தில் சென்னையில் கார் ரேஸ் என்றால் சோழவரம். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். பிறகு 1990-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் போட்டது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள்.

என்னுடையது டர்போ வைத்த சிவப்பு ஹாட்ச்பேக். 31 தவணை பாக்கி. முன்பணத்துக்கு அடகு போன மனைவியின் வளையல்கள் இன்னும் கடையில்தான் இருக்கின்றன.

கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் காட்டினேன். டயரைத் தடவினார். வீல் நட்டுகளை இறுக்கினார். ஸ்டெப்னி, ஜாக்கி, கால்மிதி, டாஷ்போர்டு பிள்ளையார் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். "உள்ளே எதுவும் உருளக்கூடாது சார்." கடைசியாக, "பிரேக் ஆயில் மாத்தி மூணு வருஷமாச்சு. மாத்திடலாமா?"

"அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்ப்பா."

மிச்சமான பணத்தில் கதவுகளுக்கு வெள்ளைப் பட்டை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டேன்.

டிராக்கில் ஒரு பழைய மாருதி ஜென் வந்து சேர்ந்தது. நேர் ரோட்டில் நான் அதை முந்துவேன். வளைவில் அது என்னை முந்தும். ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொரு வளைவுக்கும் கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தேன். ஐந்தாவது சுற்றில் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை இறங்கிற்று. கார் நிற்கவில்லை.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 140 கி.மீ. வேகத்தில் வரும் ஆயிரம் கிலோ காரை நிறுத்தினால் கிளம்பும் சூடு, இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். வளைவில் முழுக்க நிறுத்துவதில்லை என்றாலும், ஒவ்வொரு வளைவுக்கும் இதில் ஒரு பங்கு கிளம்பும். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. புது டாட்-4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். ஈரம் ஏறியதற்கு 155 தாங்கினாலே பாஸ் மார்க். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. அப்புறம் நம் கால் நசுக்குவது குமிழியைத்தான், பிரேக்கை அல்ல.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்தது டயர்களை அடுக்கிய சுவரும், இரண்டு வளையல்களும்தான். பெடலைப் படபடவென்று பம்ப் செய்து, கியரைக் குறைத்து, சரளைக் கல்லில் உழுது... சுவருக்கு இரண்டு முழம் முன்னால் நின்றேன். மார்ஷல் மஞ்சள் கொடி ஆட்டினார். மற்றவர்கள் முந்தக்கூடாது, மெதுவாகப் போகவேண்டும் என்று அர்த்தம்.

ஜென்காரர் தேடி வந்தார். தலை முழுக்க நரை. "ஆயில் எப்ப மாத்தினீங்க தம்பி?"

சொன்னேன். திட்டவில்லை. தன் டிக்கியிலிருந்து சீல் பிரிக்காத டப்பாவை எடுத்தார். அவர் பெடலை மிதிக்கச் சொல்ல, நான் மிதிக்க, அரை மணியில் நாலு சக்கரத்திலும் பழையது வடிந்தது. காபி நிறம்!

"என் வண்டி இன்ஜின்ல நான் கையே வைக்கலை. நல்ல டயர், நல்ல பேட், புது ஆயில், அவ்வளவுதான். நேரா போறப்பவே பிரேக்கை முடிச்சுட்டு மெதுவா வளைவுக்குள்ள போங்க, வெளியே வேகமா வரலாம். கடைசிச் சுற்றை ஆற விட்டு ஓட்டுங்க. சூட்டோட ஹேண்ட் பிரேக் போடாதீங்க."

மத்தியானம் அப்படியே ஓட்டினேன். ஜென் அப்போதும் முந்தியது. ரோஷம் வரவில்லை.

ராத்திரி இன்ஷூரன்ஸ் பாலிசியை முதல் முறையாகப் படித்தேன். பந்தயம், வேகப் பரீட்சைக்கெல்லாம் நஷ்ட ஈடு இல்லையாம்.

"கார் நல்லா ஓடுச்சாங்க?" என்றாள் மனைவி.

"நல்லா நின்னுச்சு" என்றேன்.