கி-ஹுனுக்குச் செய்தது அநியாயம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஸ்குவிட் கேம் மூன்றாம் சீசனை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்லித்தான் சண்டை போடப் போகிறேன்.

"சார், நீங்களுமா கொரியன் சீரியல்?" என்று பழைய மாணவர்கள் சிரிக்கிறார்கள். ஆமாம், நானும்தான். தமிழ்க் குரலில் வந்த பிறகு மரக்காணத்திலிருந்து ஆரோவில் வரைக்கும் எங்கள் பக்கத்தில் இதைப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. உப்பள வேலைக்குப் போகிற வீடுகளிலும் பார்த்தார்கள். கொலை விளையாட்டு என்பதற்காக மட்டும் பார்த்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அது கடன்பட்டவனின் கதை. மழை பிடித்தால் பாத்தியில் வேலை கிடையாது. அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் எத்தனை நாளைக்கு வரும்? மிச்சத்துக்கு முன்பணம், வட்டி, குழுக்கடன். அடுத்த கோடையில் உழைத்து அதைக் கழிக்க வேண்டும். இப்படி வாழ்கிறவர்களுக்குக் கி-ஹுன் யார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

2021 செப்டம்பரில் வந்த முதல் சீசனின் ஐந்தாம் பகுதியை நினைத்துப் பாருங்கள். ராத்திரி காவலுக்கு உட்கார்ந்திருக்கும்போது கி-ஹுனுக்குப் பழைய வேலைநிறுத்தம் ஞாபகம் வருகிறது. கார் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு, போராட்டம், போலீஸ் தடியடி, கண்முன்னே சாகும் சக தொழிலாளி. அவன் ஊதாரியாகவே பிறந்தவன் இல்லை, வேலையைப் பறிகொடுத்தவன் என்று அங்கேதான் புரிகிறது.

அது வெறும் கற்பனையும் அல்ல. 2009-இல் பியோங்டேக் நகரத்து சாங்யோங் கார் தொழிற்சாலையில் 2,600-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றப் போவதாக அறிவித்தார்கள். தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே 77 நாள் உட்கார்ந்தார்கள். போலீஸ் ஹெலிகாப்டரோடு வந்து அடக்கியது. அந்தப் போராட்டத்தை மனதில் வைத்துத்தான் கி-ஹுனைப் படைத்தேன் என்று இயக்குநர் ஹுவாங் டாங்-ஹ்யூக்கே சொல்லியிருக்கிறார். 2011-இல் அதே கம்பெனியை வாங்கியது நம்ம ஊர் மகிந்திரா. ஆக, இது நமக்கும் அவ்வளவு தூரத்துக் கதை இல்லை.

இப்படிப்பட்ட ஒருவனை வைத்து மூன்று சீசன், 22 பகுதி எடுத்துவிட்டுக் கடைசியில் என்ன செய்தார்கள்?

இரண்டாம் சீசன் முடிவில் கலகம் தோற்கிறது. அதே தொழிற்சாலையில் கூட நின்று போராடிய நண்பன் ஜங்-பே சுடப்படுகிறான். சரி, தோல்வியும் கதைதான். மூன்றாம் சீசனில் கி-ஹுன் தோட்டா கொண்டுவரப் பயந்து ஒளிந்த ஒரு பையனைத் தேடிப் போய்க் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். சுட்டவனை விட்டுவிட்டான், பயந்தவனைக் கொன்றான்! பிறகு ஒரு கைக்குழந்தையைக் காப்பாற்றத் தூணிலிருந்து விழுந்து சாகிறான். அத்தனை பேர் செத்துச் சேர்ந்த 4,560 கோடி வோன் அந்தக் குழந்தைக்குப் போகிறது. விளையாட்டை நடத்தியவன் பத்திரமாக வெளியேறி அமெரிக்கா போகிறான். அங்கே கேட் பிளான்செட் சந்துக்குள் நின்று அடுத்த ஆளைப் பிடிக்கிறார். அடுத்த கடைக்குத் திறப்பு விழா!

கி-ஹுன் உயிரோடு மகளைப் பார்க்கப் போவதாகத்தான் முதலில் நினைத்திருந்தேன் என்று ஹுவாங் பேட்டியில் சொன்னார். பிறகு மாற்றினாராம். உலகம் அவ்வளவு மோசமாகிவிட்டது, தியாகம் தேவை என்கிறார்.

"சார், சோக முடிவுதானே யதார்த்தம்?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சோக முடிவுக்கு நான் எதிரி இல்லை. சிலப்பதிகாரம் படித்து வளர்ந்தவனிடம் சோகத்தைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். கோவலன் சாகிறான். ஆனால் கதை அங்கே முடிகிறதா? கண்ணகி சிலம்போடு அரசவைக்குப் போகிறாள், கேள்வி கேட்கிறாள், பாண்டியன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே அந்த முகமூடிக்காரர்களை யார் கேட்டார்கள்? ஒரு போலீஸ்காரன் சீசன் முழுக்கப் படகில் சுற்றிவிட்டு, தீவுக்கு வந்து அண்ணனைப் பார்த்து "ஏன்?" என்று ஒருமுறை கத்துகிறான். தீர்ந்தது வழக்கு.

யதார்த்தம் என்றால் நிஜக் கி-ஹுன்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போமா?

அவர்களும் தோற்றார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் தொழிலாளர்களும் குடும்பத்தாருமாக 30 பேர் வரை தற்கொலையாலும் நோயாலும் செத்தார்கள். போராடியதற்கு நஷ்டஈடாகச் சுமார் 470 கோடி வோன் கட்டச் சொல்லி 2013-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையும் போய், தலையில் கடனும் ஏறியது. ஸ்குவிட் கேம் விளையாடக் கூப்பிட்டால் போயிருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

அப்போது ஒரு பெண் வாசகர் ஒரு வாரப் பத்திரிகைக்கு 47,000 வோன் அனுப்பினார். இப்படி ஒரு லட்சம் பேர் கொடுத்தால் தீர்ந்துவிடுமே என்று எழுதினார். கணக்கு வாத்தியார் சொல்கிறேன், போட்டுப் பாருங்கள்: 47,000 பெருக்கல் ஒரு லட்சம், 470 கோடி. விடை சரி. அந்தக் காலத்தில் சம்பளம் மஞ்சள் உறையில் வரும் என்பதால் மஞ்சள் உறை இயக்கம் என்று பெயர் வந்தது. பல்லாயிரம் பேர் பணம் அனுப்பினார்கள். வெளியே அனுப்பப்பட்டவர்களில் மிச்சமிருந்தவர்கள் 2020-இல் வேலைக்குத் திரும்பினார்கள். போராடும் தொழிலாளியின் தலையில் நஷ்டஈட்டைச் சுமத்துவதற்குக் கடிவாளம் போடும் மஞ்சள் உறைச் சட்டம் 2025 ஆகஸ்ட் 24-இல் கொரிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மூன்றாம் சீசன் வெளியானது ஜூன் 27. இரண்டு மாதம்கூட இடைவெளி இல்லை!

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். தொடரின் கணக்கில் ஒரு உயிருக்கு 10 கோடி வோன், 456 பேர், எல்லாம் ஒருவருக்கே. அந்தப் பெண்ணின் கணக்கில் தலைக்கு 47,000, ஒரு லட்சம் பேர், யாரும் சாக வேண்டாம். இரண்டாவது கணக்கு கண்முன் நடந்துகொண்டிருக்கும்போது முதல் கணக்கை மட்டும் காட்டி, "உலகம் இவ்வளவுதான்" என்று சொல்வது யதார்த்தம் இல்லை. சோம்பேறித்தனம். இல்லையென்றால் வியாபாரம்.

இதை ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்? இங்கிருந்து பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். 2024-இல் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பிறகுதான், 2025 ஜனவரியில், சங்கம் பதிவானது. அந்த வயதுப் பிள்ளைகள்தான் இந்தத் தொடரைப் பார்க்கிறார்கள். "போராடினவன் செத்தான், விளையாட்டு அமெரிக்காவில் தொடர்கிறது" என்பதே அவர்கள் மனதில் நிற்கும் கடைசிக் காட்சி. நல்லவனாக இரு, செத்துப் போ, ஒன்றும் மாறாது. இந்தப் பாடத்தை நடத்த எந்த வாத்தியாருக்கும் மனசு வராது.

நடிகர் லீ ஜங்-ஜே மேல் குறையில்லை. கேள்வியை இவ்வளவு நன்றாக எழுதிய இயக்குநர் விடைத்தாளை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார் என்பதுதான் என் வருத்தம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூன்று சீசனையும் பார்த்து முடித்திருந்தால், அந்த மஞ்சள் உறைக் கதையையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.