கடைசி மணி அடித்த பிறகு

மாலை நேரத்தில் ஏதாவது ஒரு கல்லூரி வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கடைசி மணி அடித்ததும் மாணவிகள் இரண்டு கூட்டமாகப் பிரிகிறார்கள். பெரிய கூட்டம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறது. சிறிய கூட்டமொன்று, தமிழ் மன்றத்துக்கும் என்.சி.சி. அணிவகுப்புக்கும் சேவைச் சங்கத்துக்குமாக உள்ளேயே தங்கிவிடுகிறது. நம் வீட்டுப் பெண் எந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும்? மேலப்பாளையத்தில் ஒரு தாயார் இதே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்.

சின்ன வீடு. அந்த அம்மாள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ஊறவைத்த இலையை அளவாக வெட்டி, தூளை இட்டு, உருட்டி, நுனியை மடக்கி நூலால் கட்டுகிறார். பேச்சு நடந்தாலும் விரல்கள் நிற்பதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில்தான் மகள் பாளையங்கோட்டைக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் பெண் அவள்தான்.

மகள் ஒரு காகிதத்தை நீட்டினாள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம்.

"நீங்களே நியாயம் சொல்லுங்கம்மா! காலேஜுக்கு அனுப்புறதுக்கே நாலு பேருக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன். இப்ப ஏழு ராத்திரி வெளியூர்ல தங்கணுமாம். தெருக் கூட்டணும்னா நம்ம வாசல் இல்லையா?" என்றார் தாயார்.

"தெருக் கூட்ட மட்டும் போகல உம்மா. வீடு வீடாப் போயி விசாரிச்சு எழுதணும். ராத்திரி அதை எல்லாரு முன்னாலயும் நான்தான் வாசிக்கணும்" என்றாள் பெண்.

தாயாரின் பேச்சைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். ஊர் வாய்க்குப் பயப்படாத தாய் எந்த ஊரில் இருக்கிறாள்? பெண்ணின் பெயர் நாலு பேர் வாயில் விழுந்தால், அதைச் சுமப்பவளும் தாய்தானே?

பாளையங்கோட்டையைத் 'தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு' என்று சொல்வது வழக்கம். நெல்லைப் பகுதியின் ம.தி.தா. இந்துக் கல்லூரிக்கும் தூய யோவான் கல்லூரிக்கும் 1878-ம் வருஷம். பெண்களுக்கென்று சாராள் தக்கர் கல்லூரி 1895-லேயே வந்துவிட்டது. சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971-ல் வந்தது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகம் 1990-ல் ஏற்பட்டது. ஆகவே, பெண் கல்லூரிக்குள் நுழையலாமா என்ற வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. மணி அடித்த பிறகு அவள் அங்கே இருக்கலாமா என்ற வழக்குத்தான் இன்னும் வீட்டுக்கு வீடு நடக்கிறது.

நாட்டு நலப்பணித் திட்டம் நேற்று முளைத்ததல்ல. காந்தியடிகளின் நூற்றாண்டு வருஷமான 1969-ல், செப்டம்பர் 24-ந் தேதி, 37 பல்கலைக் கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு ஆரம்பமானது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை. அதோடு ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பதுதான் அதன் கொள்கை வாசகம்.

இதில் பெண்ணுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். வகுப்பில் அவள் கேட்கிறாள், எழுதிக்கொள்கிறாள். பரீட்சையைத் தனியாக எழுதிவிட்டு வருகிறாள். சங்கத்திலோ அவள் டீக்கும் வடைக்கும் கணக்கு எழுத வேண்டும். ஐம்பது பேர் முன்னால் கை நடுங்கினாலும் பேச வேண்டும். தனக்குப் பிடிக்காதவளோடும் சேர்ந்து வேலை பார்க்க வேண்டும். வேறு ஊர், வேறு சாதி, வேறு மதத்துப் பெண்களோடு ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட வேண்டும். நாளைக்கு வேலைக்குப் போனாலும் சரி, குடும்பம் நடத்தினாலும் சரி, இவை இல்லாமல் முடியுமா?

எல்லாச் சங்கமும் தங்கம் என்று நான் சொல்லவில்லை. விழா வந்தால் வாசலில் பன்னீர் தெளிக்கவும் சந்தனத் தட்டு ஏந்தவும் மட்டும் பெண்களை நிறுத்திவிட்டு, மேடையை ஆண்பிள்ளைகளே வைத்துக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு. ஆகவே விசாரியுங்கள். முகாம் எந்த ஊரில்? இரவில் துணைக்கு எந்த ஆசிரியை? அவசரத்துக்கு எந்த நம்பரில் பேசுவது? தட்டு யார் கையில், கணக்கு நோட்டு யார் கையில்? இவற்றைக் கேட்பது தாயாரின் உரிமை. திருப்தியான பதில் கிடைத்த பிறகும் 'வேண்டாம்' என்று சொன்னால்தான் அது நியாயமில்லை.

மேலப்பாளையத்து அம்மாளும் அப்படியே ஆசிரியையிடம் போனில் விசாரித்தார். பதில்கள் சரியாகவே இருந்தன. ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து, மெல்லிய குரலில், "சாயங்காலம் இவளும் உட்கார்ந்து சுத்துவா. ஏழு நாளு இவ பங்கை யாரு சுத்துறது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இதுவரை ஊர் வாயைப் பற்றிப் பேசினோம்; அதற்கு அடியில் இருந்தது அடுப்பு. எந்தக் கல்லூரிச் சுற்றறிக்கையிலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

பதில் அடுத்த வீட்டிலிருந்து வந்தது. திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சாச்சி, "அவ பங்குல பாதியை நான் சுத்துறேன். நீ கையெழுத்தைப் போடு" என்றார். தாயார் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டித் தம் பெயரை எழுதினார். மீதிப் பாதிக் கூலி நஷ்டம்தான். அதைத் தெரிந்தே எழுதினார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் பீடிச் சுளகு இராது. ஆனால் மாலையில் மாவு அரைக்கவும், தம்பியைப் பார்த்துக்கொள்ளவும், தண்ணீர் பிடித்து வைக்கவும் அந்தப் பெண்ணைத்தானே எதிர்பார்க்கிறோம்? அடுத்த முறை அவள் ஒரு காகிதத்தை நீட்டும்போது, "நீ போய் வா, உன் பங்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்ல வீட்டில் யாராவது ஒருவர் இருக்கட்டும். அது அண்ணனாக இருந்தால் இன்னும் நல்லது!