காத்திருக்கும் காலம்

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் தொழிற்சாலைகள் மிகுதி. அங்குத் தொழிற்பழகுநராகவும் ஒப்பந்தத் தொழிலாளராகவும் பணியாற்றும் இளைஞர் பலர். ஒப்பந்தம் முடிந்தபின், அடுத்த வேலை அமையும்வரை அவர்கள் காத்திருக்க நேர்கிறது. அக்காலத்தைத் தோல்வியெனக் கருதிச் சோர்வது முறையன்று.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு பிறந்தவர் இராஜாஜி. 1954இல் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியபின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. இராமாயணத்தை எளிய உரைநடையில் ‘கல்கி’ இதழில் தொடராக எழுதினார். ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்னும் அந்நூல் 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பதவி நீங்கிய காலமே அந்நூலைத் தந்தது.

தலைவர் ஒருவரின் ஓய்வும் கூலியிழந்த தொழிலாளியின் காத்திருப்பும் ஒன்றாகுமா என வினவலாம். ஒன்றாகா. வீட்டு வாடகையும் அன்றாடச் செலவும் வேலையிழந்தோர்க்கென நின்றுவிடுவதில்லை. ஆதலால், பிழைப்புக்கு ஒரு சிறுபணியைத் தேடிக்கொள்வதில் இழிவில்லை. எனினும், நாள்தோறும் இரண்டு மணிநேரத்தையேனும் கல்விக்கு ஒதுக்குதல் வேண்டும். பெட்ரோல் வண்டிகள் உருவாகும் இம்மாவட்டத்தில் இன்று மின்சார வண்டிகளும் உருவாகின்றன. எந்திரம் பொருத்தப் பழகியவர் மின்கலத்தையும் மின்சுற்றையும் அறிந்துகொண்டால் புதிய பணிக்கு உரியவராவார். எல்லை கடந்து வேலை தேடுவோர்க்குக் கன்னட மொழியறிவும் கைகொடுக்கும்.

கற்கும் முயற்சி இளைஞருடையது. மாலைநேரப் பயிற்சிக்கும் நூலகத்திற்கும் வழிசெய்தல் அரசும் ஆலைகளும் ஏற்கவேண்டிய கடமை. இவ்விரண்டும் இணையுமாயின், காத்திருக்கும் காலம் கற்கும் காலமாகும்.