கைக்குத் தெரியாத கார்

மோட்டார் காருக்குக் கதவு உண்டு. கதவுக்குக் கைப்பிடி உண்டு. பிடித்து இழுத்தால் கதவு திறக்கவேண்டும். இதற்குக் கூட ஒரு சட்டம் வேண்டுமா?

வேண்டும் என்று முடிவு செய்துவிட்டது சீன அரசாங்கம். 2026-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்த விதி வெளியாயிற்று. 2027 ஜனவரி 1-ந் தேதி முதல் சீனாவில் விற்பனைக்கு வரும் புது மாடல் கார்களில், மின்சாரம் நின்றுபோனாலும் கையால் இழுத்துத் திறக்கக்கூடிய அமைப்பு கதவில் இருக்கவேண்டும். வெளியிலும் இருக்கவேண்டும், உள்ளேயும் இருக்கவேண்டும்.

அப்படியானால் இத்தனை நாள் இருந்த கைப்பிடி எங்கே போயிற்று?

மறைந்த கைப்பிடி

புது மாதிரி மின்சாரக் கார்கள் பலவற்றில் கைப்பிடி வெளியே தெரியாது. கதவோடு கதவாகப் பதிந்திருக்கும். சொந்தக்காரர் அருகில் வந்தால் தானாக வெளியே நீளும். சில கார்களில் ஒரு ஓரத்தை அழுத்தினால் மறு ஓரம் மேலே வரும். அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி 2012-ல் இப்படி ஒரு காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பார்த்தவர்கள் வியந்தார்கள். மற்றக் கம்பெனிகளும் அதே வழியில் சென்றன.

கார் வழவழப்பாக இருந்தால் காற்று தடுக்காது, மின்சாரம் மிச்சமாகும் என்று காரணம் சொல்லப்பட்டது. ஒரு கைப்பிடி அளவுக்குத் தடுக்கும் காற்று எவ்வளவு? மிகக் கொஞ்சம்தான். அழகு என்பதே பெரிய காரணம்.

இந்தக் கைப்பிடி உண்மையில் கைப்பிடியே அல்ல. அது ஒரு பொத்தான். அழுத்தினால் செய்தி போகும். செய்தியைக் கேட்டு ஒரு சிறு மோட்டார் பூட்டை விடுவிக்கும். அந்த மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். காரின் அடியில் பெரிய பேட்டரி இருந்தாலும், கதவுக்கு மின்சாரம் கொடுப்பது தனியாக உள்ள ஒரு சிறிய பேட்டரி. அது செத்துப் போனால் கதவும் செத்துப் போகும்.

2025 அக்டோபரில் சீனாவின் செங்டு நகரில் ஷாவ்மி கம்பெனியின் மின்சாரக் கார் ஒன்று மோதித் தீப்பற்றியது. சாலையில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். கதவைத் திறக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. கண்ணாடியைக் கையால் குத்தினார்கள், காலால் உதைத்தார்கள். உள்ளே இருந்தவர் இறந்தார். அவர் குடித்துவிட்டு ஓட்டியதாகப் போலீசார் சந்தேகித்தார்கள். இருக்கட்டும். காப்பாற்ற வந்தவர்களுக்குக் கதவு திறக்காததற்கும் குடிக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காட்சியைச் சீனா முழுவதும் படமாகப் பார்த்தது. அதற்கு முன்பே அதிகாரிகள் புது விதியைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். இதன் பிறகு அதை எதிர்த்துப் பேசுவது கம்பெனிகளுக்குக் கஷ்டமாகிவிட்டது.

குழந்தை உள்ளே, தாய் வெளியே

அமெரிக்காவில் வேறு மாதிரிப் புகார். 2025 செப்டம்பரில் அந்த நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இலாகா ஒரு விசாரணையைத் தொடங்கியது. டெஸ்லாவின் 2021-ம் ஆண்டு மாடல் ஒய் கார்கள், சுமார் 1 லட்சத்து 74 ஆயிரம், அந்த விசாரணையில் அடங்கும்.

புகார் இதுதான். தாயோ தகப்பனோ காரைவிட்டு இறங்குகிறார். பின்சீட்டில் குழந்தை இருக்கிறது. அதைத் தூக்குவதற்காகப் பின்கதவைத் தொட்டால் கதவு திறக்கவில்லை. முன்கதவும் திறக்கவில்லை. சிறிய பேட்டரியில் சக்தி போய்விட்டது. சில பெற்றோர் கண்ணாடியை உடைத்துத்தான் குழந்தையை எடுத்தார்கள்.

உள்ளே கையால் திறக்கும் வழி இருக்கிறதே என்று கேட்கலாம். முன்சீட்டில் இருக்கிறது. ஆனால் பின்சீட்டுக் குழந்தை அதை எட்டவேண்டும், எட்டினாலும் அது என்னவென்று அறிந்திருக்கவேண்டும். பின்கதவுக்கு உள்ள விடுவிப்புக் கம்பியோ கதவுப் பையின் அடியில், விரிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. சில கார்களில் பின்கதவுக்கு அதுவும் இல்லை. புகை நிறைந்த காரில், இருட்டில், நடுங்கும் விரலால் விரிப்பைத் தூக்கி ஒரு கம்பியைத் தேடச் சொல்வது நியாயமா?

கியருக்கும் இதே கதி

கதவுக்கு இன்று வந்த வினை, கியருக்கு முன்பே வந்தது. அதுவும் ஒருமுறை அல்ல, இரண்டு முறை!

கிளட்ச் இல்லாத ஆட்டோமாட்டிக் கார்கள் அமெரிக்காவில் பரவிய காலத்தில் கியர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறியிருந்தது. சில கார்களில் முன்னே போகும் கியருக்குப் பக்கத்திலேயே பின்னே போகும் ரிவர்ஸ் கியர். முன்னே போக நினைத்தவர் பின்னே போனார். 1965-ல் வழக்கறிஞர் ரால்ப் நாடர் கார்களின் ஆபத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதையும் சேர்த்துக் கண்டித்தார். 1968 முதல் அமெரிக்கச் சட்டம் ஒன்று அமுலுக்கு வந்தது. ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் நடுவே நியூட்ரல் கட்டாயம் இருக்கவேண்டும் என்றது. பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்ற வரிசை அதன்பின் வழக்கமாகிவிட்டது. கை அதைப் பாடம் செய்துகொண்டது. கண் பார்க்காமலே கை தள்ளியது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. கம்பெனிகளுக்குப் பழைய பாடம் மறந்துபோயிற்று.

பழைய கியர்க் கம்பி, தள்ளிய இடத்தில் நிற்கும். பார்க்கில் வைத்தால் பார்க்கிலேயே இருக்கும். தொட்டுப் பார்த்தாலே தெரியும். ஃபியட் கிறைஸ்லர் கம்பெனி 2014, 2015-ம் ஆண்டு ஜீப் கிராண்ட் செரோக்கி கார்களில் வைத்த கம்பி அப்படி அல்ல. முன்னே தள்ளினாலும் பின்னே இழுத்தாலும், கையை எடுத்ததும் அது நடுவுக்கே திரும்பி வந்துவிடும். எந்தக் கியரில் இருக்கிறது என்பதை ஒரு சிறு விளக்கெழுத்துத்தான் சொல்லும்.

என்ன நடந்தது? ஓட்டுகிறவர் பார்க்கில் போட்டதாக நினைத்துக்கொண்டு இறங்கினார். கார் உண்மையில் ரிவர்ஸிலோ நியூட்ரலிலோ இருந்தது. சரிவான இடமாக இருந்தால் உருண்டது. இறங்கியவர் மீதே ஏறியது. கதவு திறந்தால் மணி அடித்தது, எழுத்தும் தோன்றியது. ஆனால் அடிக்கடி மணி அடிக்கும் காரில் எந்த மணி எதற்கு என்று யார் கவனிக்கிறார்கள்?

2016 ஏப்ரலில் கம்பெனி சுமார் 11 லட்சம் கார்களைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. அதற்குள் 41 பேர் காயமடைந்திருந்தார்கள். திருத்தம் தயாராவதற்குள் ஜூன் 19-ந் தேதி ஒரு விபரீதம் நிகழ்ந்தது. "ஸ்டார் டிரெக்" படங்களில் நடித்த சினிமா நடிகர் ஆண்டன் யெல்ச்சின், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தம் வீட்டு வாசலில் இறந்துகிடந்தார். வயது 27. சரிவில் அவருடைய ஜீப் கார் தானாகப் பின்னோக்கி உருண்டு, வாசல் தூணோடு சேர்த்து அவரை நசுக்கிவிட்டது. திரும்ப அழைக்கப்பட்ட கார்களில் அதுவும் ஒன்று.

பிறகு திருத்தம் வந்தது. கம்பி மாறவில்லை. ஓட்டுகிறவர் இறங்கக் கதவைத் திறந்தால், கார் தானாகவே பார்க்குக்குப் போகும்படி அதன் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இதை முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்கலாமே!

சாவிக் கொத்தின் பாரம்

சாவியும் தப்பவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் சில சிறிய கார்களில் சாவி திரும்பும் விசை மிகத் தளர்வாக இருந்தது. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ, முழங்கால் பட்டாலோ, சாலைப் பள்ளத்தில் குலுங்கினாலோ சாவி தானாகத் திரும்பி, ஓடும் காரில் எஞ்சின் நின்றுவிடும். ஸ்டீரிங் கனத்துவிடும். மோதினால் காற்றுப் பையும் விரியாது.

கம்பெனியின் எஞ்சினீயர்களுக்கு இந்தக் குறை பல ஆண்டுகளாகத் தெரியும். கார்களைத் திரும்ப அழைக்கும் வேலை 2014-ல்தான் தொடங்கியது. அழைத்த கார்கள் 26 லட்சம். நஷ்ட ஈட்டு நிதி ஒப்புக்கொண்ட சாவுகள் 124. 2015-ல் கம்பெனி அமெரிக்க அரசாங்கத்துக்கு 90 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. சொந்தக்காரர்களுக்குக் கம்பெனி அப்போது கூறிய யோசனை: வளையத்தில் உள்ள மற்றச் சாவிகளைக் கழற்றிவிட்டுக் கார்ச் சாவியை மட்டும் போட்டு ஓட்டுங்கள்!

இப்போது சாவியே இல்லாத கார்கள் வந்துவிட்டன. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் ஓடும். சாவியைத் திருப்பி எடுத்தபோது, "கார் நின்றது" என்று கை அறிந்தது. பையில் கிடக்கும் சிறு பெட்டி எதையும் அறிவிப்பதில்லை. வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் காரை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைத்ததாக எண்ணித் தூங்கப் போனவர்கள் விஷப்புகையால் இறந்திருக்கிறார்கள். எஞ்சின் தானாக அணைய வழி செய்யும்படி 2021-ல் அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது.

எல்லாவற்றிலும் ஒரே கோளாறுதான். கார் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கைக்குச் சொல்லாமல், கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் சொல்கிறார்கள். அவசரத்தில் கண் வேறெங்கோ இருக்கும். விபத்து நடந்தால் ஓட்டியவரின் கவனக் குறைவு என்று முதலில் எழுதிவிடுவார்கள். உண்மை வெளிவருவதற்குள் சில குடும்பங்கள் அழிந்துவிடும்.

நம் பக்கத்தில்

மின்சாரக் கைப்பிடி இல்லாத சாதாரணக் காரும் ஆபத்தே. 2025 மே மாதம் ஆந்திராவில், விஜயநகரம் அருகே துவாரபூடி கிராமத்தில், நின்ற காரில் நான்கு குழந்தைகள் ஏறி விளையாடினார்கள். கதவுகள் மூடிக்கொண்டன. அவர்களால் வெளியே வர முடியவில்லை. நால்வரும் இறந்தார்கள்.

வெயிலில் நிற்கும் கார் அடுப்பைப் போன்றது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் அளந்து பார்த்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சுமார் 22 டிகிரி சூடு ஏறியது. அதில் பெரும்பகுதி முதல் அரைமணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பயனில்லை.

அமெரிக்காவில் 1998 கோடையில் மூன்று சம்பவங்களில் 11 குழந்தைகள் காரின் பின்பெட்டிக்குள் சிக்கி இறந்தார்கள். அதன் பிறகே, பெட்டிக்குள்ளிருந்து திறக்கும் விசை 2001 செப்டம்பர் முதல் அங்கே கட்டாயமாயிற்று.

கார் உள்ள வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. நின்ற காரையும் பூட்டி, சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். குழந்தையைக் காணோம் என்றால் கிணற்றையும் தெருவையும் தேடுமுன் காரையும் அதன் பின்பெட்டியையும் திறந்து பார்க்கவேண்டும். பின்கதவின் ஓரத்தில் உள்ள குழந்தைப் பூட்டு, ஓடும்போது கதவு திறக்காமல் காக்கும். ஆனால் அதைப் போட்டுவிட்டால் உள்ளிருந்து அந்தக் கதவைத் திறக்கவே முடியாது. ஆகவே முன்சீட்டுக்குத் தாவி முன்கதவைத் திறக்கக் குழந்தைக்குப் பழக்கவேண்டும். பல கார்களில் முன்கதவுக் கைப்பிடியை உள்ளிருந்து இழுத்தாலே பூட்டும் விடும். சிலவற்றில் இரண்டுமுறை இழுக்கவேண்டும். சாவி இல்லாமலே ஹாரன் ஒலிக்கும் கார்களும் பல. விடாமல் அழுத்தச் சொல்லலாம்.

ஆட்டோமாட்டிக் காரை நிறுத்தும்போது, கால் பிரேக்கிலேயே இருக்கட்டும். கை பிரேக்கை இழுத்து, பார்க்கில் போட்டு, விளக்கெழுத்தைக் கண்ணால் பார்த்து, எஞ்சினை அணைத்து, அப்புறம் காலை எடுத்து இறங்கலாம். நம் நாட்டில் விற்கும் விலை குறைந்த ஆட்டோமாட்டிக் கார்கள் பலவற்றில் பார்க் என்ற இடமே கிடையாது. ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் போன்றவைதான். அவற்றை நியூட்ரலில் விட்டுச் சென்றால் கை பிரேக் ஒன்றே காவல். கை பிரேக்கை முழுவதும் இழுத்து, எந்தக் கியரில் நிறுத்தவேண்டும் என்று காரோடு வந்த புத்தகம் கூறுகிறதோ அதில் நிறுத்தவேண்டும்.

அந்தப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள்? கதவை மின்சாரம் இல்லாமல் திறக்கும் வழி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையாவது கார் வாங்கிய அன்றே பார்த்து, வீட்டில் உள்ள எல்லோரும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்லது. சீனாவின் புது விதி கூட ஏற்கனவே அனுமதி பெற்ற மாடல்களுக்கு 2029 ஜனவரி வரை தவணை கொடுத்திருக்கிறது.