கூரையைப் பார்த்தவர்கள் நீரைப் பார்க்கவில்லை

பழைய கடை என்றாலே நமக்கு ஒரு மயக்கம். நூறாண்டு கண்டது என்று சொல்லிவிட்டால் போதும், மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். நியூயார்க் நகரின் கிராண்ட் சென்ட்ரல் இரயில் நிலையத்தில், கீழ்த்தளத்தில் இருக்கும் 'ஆய்ஸ்டர் பார்' அப்படி மயக்குகின்ற கடைதான். ஆய்ஸ்டர் என்பது நம் விலங்கியல் வகுப்பில் வரும் சிப்பி; முத்துச் சிப்பி அன்று, உண்ணும் சிப்பி. நிலையம் திறந்த 1913-ஆம் ஆண்டிலேயே கடையும் திறந்தது.

இதன் வரலாற்றை எழுதுவோர் முதலில் அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய கூரைதான். ஸ்பெயினிலிருந்து குடியேறிய குவாஸ்டவினோ குடும்பத்தாரின் நிறுவனம், மெல்லிய சுட்டமண் ஓடுகளைச் சாந்திட்டு அடுக்கடுக்காக ஒட்டி எழுப்பிய வளைவுகள் அவை. கடைக்கு வெளியே, அத்தகைய வளைவின் கீழ், ஒரு மூலையில் சுவரோடு மெல்லப் பேசினால் எதிர்மூலையில் நிற்பவர் காதில் விழுமாம். காரணத்தை இயற்பியல் நண்பர்கள் சொல்லட்டும். பிறகு, 1970-களின் தொடக்கத்தில் கடை நொடித்ததையும், 1974-இல் ஜெரோம் பிராடி என்பவர் அதை மீட்டு மீன் உணவுக்கென்றே நடத்தியதையும், 1999-இல் உரிமை ஊழியர்கள் கைக்குப் போனதையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கடைசிச் செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நான் கேட்பது வேறு. சிப்பிக் கடையின் வரலாற்றில் சிப்பி எங்கே?

ஹட்சன் ஆறு கடலில் கலக்கும் அந்தத் துறைமுகம் ஒரு காலத்தில் சிப்பிப் படுகைகள் நிறைந்து கிடந்த இடம். 19-ஆம் நூற்றாண்டில் அந்நகரத் தெருக்களில் தள்ளுவண்டியில் வைத்து விற்றார்கள். கூலிக்காரனும் தின்றான், வங்கி முதலாளியும் தின்றான். சிப்பி அன்று சீமான் வீட்டுப் பண்டம் மட்டுமன்று.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எந்த வரலாற்றைப் படித்தாலும் அதில் உழைத்தவர் யார் என்று தேடுகிற பழக்கம் எனக்கு. அப்படித் தேடியபோது கிடைத்த பெயர் தாமஸ் டௌனிங். 1791-இல் வர்ஜீனியாவில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்தவர். நியூயார்க்கின் பிராட் தெருவில் 1825-இல் அவர் தொடங்கிய சிப்பி உணவகத்துக்கு அரசியல்வாதிகளும் வணிகர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். மேலே இவர்கள் விருந்துண்ண, அதே கட்டடத்தின் நிலவறையில், தெற்கே இருந்து தப்பி வந்த அடிமைகளை மறைத்து வைத்துக் காத்தவர் அவர். 1866-இல் அவர் இறந்தபோது நகரின் வணிகர் சங்கம் அடக்க நாளன்று தன் கதவை மூடியது. கிராண்ட் சென்ட்ரல் கடைக்கு முன்னோர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் கூரை கட்டியவரைக் காட்ட மாட்டேன், இவரைத்தான் காட்டுவேன்.

இனி நீருக்கு வருகிறேன். வளர்ந்த சிப்பி ஒன்று நல்ல சூழலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 190 லிட்டர் வரை நீரை வடிகட்டும். நீரைத் தெளிய வைப்பதும் அதுதான். நீரில் சாக்கடை கலந்தால் நோய்க்கிருமியை உடலில் சேர்த்துக்கொள்வதும் அதுதான். பெருநகரம் தன் கழிவையெல்லாம் துறைமுகத்தில் விட்டது. போதாக்குறைக்கு ஓட்டையும் திருப்பித் தரவில்லை. சுண்ணாம்புக்கு எரித்தார்கள், பள்ளத்தில் கொட்டினார்கள். சிப்பியின் இளவுயிரி பற்றிப்பிடித்து வளர்வதற்குப் பழைய ஓடுதான் ஏற்ற இடம் என்பது நமக்குத் தெரியும். அதையும் எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறை எங்கே ஒட்டும்? 1924-25 குளிர்காலத்தில் சிப்பி வழியாக டைபாய்டு பரவி, அமெரிக்க நகரங்களில் பலர் மாண்டனர். 1927-இல் நியூயார்க் துறைமுகத்தின் கடைசிச் சிப்பிப் படுகையும் மூடப்பட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடை திறந்து பதினான்கே ஆண்டுகள்! அன்று முதல் அந்த நகரத்தின் புகழ்பெற்ற சிப்பிக் கடை, வேற்றூர்க் கடலின் சிப்பியைத்தான் பரிமாறி வருகிறது.

"அதனால் என்ன? வேறிடத்திலிருந்து வருகிறது, தின்கிறார்கள்" என்று என் அறைத்தோழன் கேட்டான். நீரைக் கெடுத்தது கடையன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணம் உள்ளவனுக்குத் தொலைவிலிருந்தும் வரும். தள்ளுவண்டியில் வாங்கித் தின்றவனுக்கு வருமா? ஒரு நகரத்து ஏழைகளின் உணவு மறைந்ததை, அந்நகரத்தின் சிப்பிக் கடை வரலாறு ஒரு வரியிலாவது சொல்ல வேண்டாமா?

1972-இல் அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டம் வந்தபின் துறைமுகம் மெல்லத் தெளிந்தது. 2014-இல் தொடங்கிய 'பில்லியன் ஆய்ஸ்டர்' திட்டத்தார், உணவகங்களில் மிஞ்சும் ஓடுகளைத் திரட்டி, ஓராண்டு வெயிலில் காயவைத்து, அவற்றில் சிப்பிக் குஞ்சுகளை ஒட்டவிட்டுத் துறைமுகத்தில் இறக்குகிறார்கள். 2035-க்குள் நூறு கோடி என்பது இலக்கு. மாணவர்களும் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள் என்று படித்தபோது, செய்முறை வகுப்பில் ஓட்டைப் படம் வரைவதோடு நின்றுவிடும் நம் நிலையை எண்ணிச் சற்றே பொறாமைப்பட்டேன் (பேராசிரியர்கள் பொறுத்தருள்க!). அந்தச் சிப்பிகள் இன்றும் உண்பதற்கு உரியவை அல்ல. நீரை வடிகட்ட மட்டுமே.

அந்தக் கடையின் வரலாற்றை எழுதும் வேலை என் கையில் வந்தால், 1913 வரும் இடத்திலெல்லாம் பக்கத்திலேயே 1927 என்றும் எழுதி வைப்பேன்.