கோணல் தையலைப் பிரிக்காதீர்கள்



சித்திரை விடுமுறை வந்துவிட்டது. கட்டுநாயக்க, பியகம பக்கம் கார்மென்ட் வேலைக்குப் போன அக்காமார் கைநிறையப் பைகளோடு ரம்புக்கனை ஸ்டேஷனில் இறங்கித் தோட்டத்துக்கு பஸ் தேடும் நாட்கள் இவை. 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் திறந்த பிறகு, தையல் என்றாலே நம் பக்கத்தில் சம்பளம், லைன், டார்கெட் என்றுதான் ஞாபகம் வருகிறது. ஜுகி மெஷினில் உட்கார்ந்தால் ஒருத்திக்குக் காலர், இன்னொருத்திக்குக் கை, அடுத்தவளுக்குப் பொக்கெட். அத்தனை பேர் கையும் மாறித்தான் ஒரு சட்டை வெளியே வருகிறது. அந்த உழைப்பில்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வருடக்கணக்காகத் தைத்தும் "இது முழுக்க நான் தைத்தது" என்று எடுத்துக்காட்ட அவர்களில் பலருக்கு ஒரு கைக்குட்டைகூட இருப்பதில்லை.

இந்த விடுமுறையில் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று நான் கேட்பது இதை நினைத்துத்தான். முதல் முடிச்சிலிருந்து கடைசி முடிச்சு வரை தானே செய்து முடித்த ஒரு பொருள், அது உள்ளங்கை அகலத் துணியாக இருந்தாலும், ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்க வேண்டும்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஊசி வேண்டாம். காய்ந்த பப்பாசி இலைக்காம்பைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தால் சப்பாத்து லேஸில் கோத்துக்கொண்டே இருக்கும். (குன்றிமணி மட்டும் வேண்டாம். பார்க்க அழகு, உள்ளே கடும் விஷம்.) பிறகு பழைய கொப்பி அட்டையில் ஒரு யானையோ மாங்காயோ வரைந்து, கோட்டின்மேல் விரலகலத்துக்கு ஒரு துளை போட்டுக் கொடுங்கள். யானைக் காப்பகம் உள்ள பின்னவல பக்கத்துப் பிள்ளைகளுக்கு யானையைச் சொல்லியா தெரிய வேண்டும்! இந்த அட்டைத் தையலுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1837இல் ஜேர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் சின்னப் பிள்ளைகளுக்கான கூடத்தைத் தொடங்கிய ஃபுரோபெல், அட்டையில் குத்திய துளைகளில் வண்ண நூல் கோப்பதைப் பிள்ளைகளின் கைவேலைகளில் ஒன்றாக வைத்தார். பொத்தான் போடவும் நாடா கட்டவும் மரச்சட்டங்களில் பழக்கிய மரியா மொன்டிசூரி, 1944இல் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்று நம் முன்பள்ளிகளையெல்லாம் "மொன்டிசூரி" என்றே கூப்பிடுகிறோம். ஆனால் அங்கே பிள்ளையின் விரலுக்கு வேலை கொடுப்பதற்கு முன்பே பென்சிலைத் திணித்து எழுத்தெழுதச் சொல்கிறோமே என்பது என் கவலை. நூல் கோத்துப் பழகிய விரல் பென்சிலையும் தடுமாறாமல் பிடிக்கும்.

ஐந்து வயதில் சணல் சாக்கு. கழுவிக் காயவைத்து, பழைய படச்சட்டத்தில் இழுத்துக் கட்டிவிட்டால் ஓட்டைகள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். வூல் தைக்கிற, முனை மழுங்கிய பெரிய ஊசி போதும். நூல் பிள்ளையின் கை நீளத்துக்கு மேல் போனால் சிக்கும். ஊசிக் காதிலேயே நூலை ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு தையலுக்கு ஒருமுறை கழன்று வந்து, பிள்ளைக்கு அழுகை வரும். "கீழே போ, மேலே வா" என்று கூடவே சொல்லிக்கொண்டிருங்கள். முதலில் எல்லாப் பிள்ளையும் செய்வது ஒன்றுதான்: கீழே போன ஊசியைத் துளை வழியாக மேலே எடுக்காமல் விளிம்பைச் சுற்றிக் கொண்டுவரும். விடுங்கள், நாலு நாளில் அதுவாகவே பிடிபடும்.

இந்த இடத்தில்தான் பெரியவர்கள் கெடுக்கிறோம். பிள்ளை தூங்கிய பிறகு, கோணலாக இருக்கிறதே என்று பிரித்து நேராகத் தைத்து வைக்கிறோம். காலையில் எழுந்து பார்க்கும் பிள்ளைக்கு அது தன் தையல் இல்லை என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு "நீயே தைத்துக் கொடு" என்று துணியை நம்மிடம் நீட்டும். கோணல் தையலைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். பிரிக்க வேண்டும் என்று பிள்ளையே கேட்டால், பிரிக்கிற வேலையையும் அதனிடமே கொடுங்கள்.

ஆறு, ஏழு வயதில் துணிக்கு வரலாம். வருடா வருடம் பாடசாலையில் கிடைக்கும் வெள்ளைச் சீருடைத் துணியில் வெட்டி மிஞ்சிய துண்டு இதற்கென்றே நெய்தது போல இருக்கும். ஆங்கர் நூல் ஒரு கட்டில் எட்டு மீற்றர். ஆறு இழை சேர்ந்தது. மூன்று இழையைப் பிரித்தெடுத்துத் தைத்தால் ஒரு கட்டு நெடுநாள் வரும். முதலில் ஓட்டுத் தையல், அடுத்தது பின்தையல், கொஞ்சம் கை பழகியதும் சங்கிலித் தையல். இந்த மூன்றும் வந்தால் ஒரு பெயர், ஒரு பூ, ஒரு மீன் எல்லாம் வரும். நீட்டுத் துண்டை மடித்து இரண்டு பக்கமும் பின்தையல் போட்டு, வாயில் ஒரு பொத்தான் வைத்தால் பென்சில் பை. இரண்டு சதுரத் துண்டுகளைச் சேர்த்து மூன்று பக்கம் தைத்து, இலவம் பஞ்சை அடைத்து மூடினால் ஊசி குத்திவைக்கும் குஷன். இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் காலத்தில் பிள்ளைகளையே பொறுக்கிவரச் சொல்லுங்கள்.

ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். லயத்து அறை இருட்டு. தவழ்கிற குழந்தையும் அங்கேயேதான் இருக்கும். பகல் வெளிச்சத்தில் இஸ்தோப்பில் உட்கார்ந்து தைப்பதே நல்லது. நேரம் எங்கே என்று கேட்பீர்கள். கொழுந்தெடுத்து வருகிற அம்மாவுக்கு அந்தி சாய்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். மழை நாளில் ரப்பர் பால் வெட்டு நிற்கும். அன்றைக்கு நாட்கூலிப் பேரும் விழாது, மனமும் நன்றாக இருக்காது. அதனால்தான் இதை அம்மாவின் தலையில் மட்டும் கட்டாதீர்கள் என்கிறேன். கண் தெரிகிற அம்மாயி இருக்கிறார், அப்பாயி இருக்கிறார், விடுமுறைக்கு வந்த அக்கா இருக்கிறாள். அப்பாமாருக்கும் வரும். உள்மரத்தில் காயம் படாமல் ரப்பர் பட்டையை நூலளவு சீவத் தெரிந்த கைக்கு ஒரு பொத்தான் தைக்கவா தெரியாது? டவுன் தையல் கடைகளில் மெஷினை மிதிப்பவர் பெரும்பாலும் ஆண்தான். பிறகு ஏன் வீட்டில் தம்பியின் கையில் ஊசியைக் கண்டால் சிரிக்கிறோம்? அவன் சட்டைப் பொத்தானை அவனே தைக்கட்டும்.

சின்னத் தையலில் என்ன பெரிய கலை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் வங்காளத்துக் காந்தாவைப் பார்க்க வேண்டும். கிழிந்த சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் வெறும் ஓட்டுத் தையல் போட்டே பாட்டிமார் போர்வை செய்தார்கள். நம் வீட்டுத் தொட்டில் சேலைக்கும் அப்படி ஒரு மறுபிறவி கொடுக்கலாம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் உறவுகள் பலர் கப்பலேறிப் போய்க் குடியமர்ந்த நீலகிரியில் தோடர் பெண்கள் இருக்கிறார்கள். வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாக அவர்கள் போடும் பூவேலைக்கு முன்கூட்டி வரைந்த கோடு கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சாக்குத் துணியில் ஓட்டையை எண்ணித் தைக்கும் நம் பிள்ளை செய்வதும் அந்த எண்ணிக்கையைத்தான்.

அடுத்த இதழில் இரண்டு பக்கங்களைப் பிள்ளைகளின் தையலுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் தைத்ததைப் படம் எடுத்து அனுப்புங்கள். துணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று எதுவும் இல்லை; வருகிறவற்றில் இடம் கொள்ளுமட்டும் போடுவோம். பிள்ளையின் முதற்பெயர், வயது, அந்தத் துணி முன்பு யாருடைய என்னவாக இருந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். பின்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். முடிச்சும் சிக்குமாக எப்படி இருந்தாலும் அதையும் சேர்த்தே அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்