பொறுப்பை ஒப்படைக்க ஒரு கோப்பு

நமது சங்கத்தின் உறுப்பினர் பதிவேடும் சந்தாக் கணக்கும் மாத வாடகைக்கு அமர்த்திய ஒரு லினக்ஸ் சர்வரில் இருந்துவருவதை அன்பர்கள் அறிவர். அதனை நிறுவிய இளைஞர் மாற்றலாகிச் சென்றதும், அதனுள் என்னென்ன செய்யப்பட்டிருக்கிறது என்று சொல்ல இவ்வூரில் ஒருவரும் இல்லை. அவர்மீது குற்றமில்லை. கட்டளை கட்டளையாகக் கையால் தட்டிச் செய்த வேலைக்கு அவருடைய நினைவே ஆவணமாக இருந்தது. மாற்றல் உத்தரவு நமது குடும்பங்களுக்குப் புதிதன்று. ஆகவே இதற்கொரு வழி தேடினேன்.

ரயில் வண்டி ஒன்றைச் சேர்க்க இருவகையாக எழுதலாம். “இப்பெட்டியைத் தள்ளு, அதை இழு, மூன்றாம் தடத்துக்குக் கொண்டு போ” என்பது ஒன்று. “முதலில் எஞ்சின், பின்னர் இத்தனை பெட்டிகள், கடைசியில் பிரேக் வேன்” என்பது மற்றொன்று. அதற்கு வேண்டிய ஷண்டிங்கை யார்டில் உள்ளோர் தீர்மானித்துக்கொள்வர். நிக்ஸ்ஓஎஸ் என்னும் லினக்ஸ் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதற்கு அடிப்படையான நிக்ஸ் என்ற கருவியை 2003-இல் தொடங்கியவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ஏல்கோ டோல்ஸ்ட்ரா.

எந்தச் சேவைகள் ஓடவேண்டும், எந்த போர்ட்டுகள் திறந்திருக்கவேண்டும், யார் யார் உள்ளே வரலாம் என்பவற்றை ‘கான்ஃபிகரேஷன்.நிக்ஸ்’ என்னும் கோப்பில் எழுதி, ‘நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் ஸ்விட்ச்’ என ஆணையிட்டால் இயந்திரம் அந்நிலையைத் தானே அடைகிறது. ஒரு சேவைக்குரிய வரியை நீக்கி மீண்டும் ஆணையிட்டால் அச்சேவையும் நின்றுவிடுகிறது. முந்தைய அமைப்போ அழியாமல், தனி எண்ணுடன் காத்திருக்கிறது.

சர்வரை இம்முறைக்கு மாற்றிய முதல் வாரத்திலேயே இவ்வசதி எனக்குத் தேவைப்பட்டது! கடவுச்சொல் நுழைவை மூடிவிட்டு, எனது எஸ்எஸ்எச் சாவியாகிய நீண்ட எழுத்துவரிசையைக் கோப்பில் சேர்க்கையில் ஓரெழுத்தை விட்டுவிட்டேன். வெளியே வந்தபின் உள்ளே செல்ல வழியில்லை. வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் கன்சோல் வழியாக சர்வரை மீண்டும் தொடங்கச் செய்து, திரையில் தோன்றிய பட்டியலில் முந்தைய எண்ணைத் தேர்ந்தெடுத்தேன், கதவு திறந்தது. அதுமுதல் ‘ஸ்விட்ச்’ என்பதற்குமுன் ‘டெஸ்ட்’ என்றே ஆணையிடுகிறேன். அவ்வாறு செய்த மாற்றம் பிழையானால், மறுதொடக்கத்தில் பழைய அமைப்பே திரும்பிவிடும்.

கடவுச்சொற்களை மட்டும் அக்கோப்பில் எழுதலாகாது. எழுதினால் அவை நிக்ஸ் ஸ்டோரில் படிந்து, அவ்வியந்திரத்தில் கணக்குள்ள எவரும் படிக்கத்தக்கவை ஆகிவிடும். மேலும், கோப்பு மீட்டுத் தருவது அமைப்பை மட்டுமே. உறுப்பினர் பெயர்களை அன்று. தரவுத்தளத்தின் நகலை நாள்தோறும் வேறிடத்தில் சேமிப்பது தனி வேலை. நிர்வாகக் குழுவினர் இரண்டையும் ஒன்றென எண்ணியிருந்தனர். உண்மையைச் சொன்னால், நானும் அப்படியே.

கோப்பும், பதிப்புகளைக் குறித்துவைக்கும் ‘ஃபிளேக்.லாக்’ கோப்பும் இப்போது செயலாளரிடம் உள்ளன. சென்ற ஞாயிறன்று வேறொரு புதிய சர்வரில் அவற்றைக்கொண்டு சோதித்தோம். பதிவேட்டின் நகலும் குறைவின்றி ஏறியது. ஆயினும், நுழைய உரிமையுள்ளோர் பட்டியலில் இன்னும் என் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. எனக்கும் மாற்றல் வரக்கூடும். இரண்டாமவராகச் சேர விரும்பும் அன்பர், இளைஞராயினும் இல்லத்தரசியாராயினும், வரும் ஞாயிறு மாலை சங்கத்துக்கு வருமாறு வேண்டுகிறேன்.